கை முதலில் எங்கே போகிறது? இயக்கிப் பார்க்கும் காட்சிகளைச் சோதித்துத் திருத்தும் முறை

மாவட்டத் தலைநகர் ஒன்றின் சிறிய அறிவியல் கூடத்தில் தன்னார்வலராக இருந்தபோது, கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் உண்டாகி விளக்கு எரியும் காட்சி ஒன்றின் அருகே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நின்றிருந்தேன். ஏழு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்து, உடம்பே ஆடும்படி வேகமாகச் சுற்றினாள். விளக்கு நன்றாகவே எரிந்தது. ஆனால் அது அவள் தலைக்கு மேலே, பெரியவர்களின் கண்மட்டத்தில், பலகையின் உச்சியில் பொருத்தப்பட்டிருந்தது. பின்னால் நின்ற அப்பா, “எரியுது பாரு, எரியுது பாரு” என்றார். அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. மறுபடியும் சுற்றினாள், மறுபடியும் நிறுத்திப் பார்த்தாள். மூன்றாவது முறைக்குப் பிறகு, “இது ஓடலப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள். வெளியே போகும்போது அந்தக் குடும்பம் கருத்துப் பதிவேட்டில் “மிகவும் பயனுள்ளதாக இருந்தது” என்று எழுதிவிட்டுத்தான் சென்றது.

அந்தக் காட்சியில் பழுது எதுவும் இல்லை. மின்னாக்கி சுழன்றது, கம்பிகள் சரியாக இருந்தன, விளக்கப் பலகையில் பிழையில்லாத தமிழில் பாரடேயின் விதி எழுதப்பட்டிருந்தது. பராமரிப்புப் பட்டியலில் அதற்கு எதிரே “இயங்குகிறது” என்ற குறியும் இருந்தது. ஆனாலும் தன் கையால் மின்சாரம் உண்டாக்கியதை அந்தச் சிறுமி ஒருமுறைகூடக் காணவில்லை. பொருள் இயங்குவது ஒன்று, அதை இயக்குபவருக்கு அது பயன்படுவது வேறொன்று என்பதை அன்றைக்குத்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். இந்த இரண்டாவதை எப்படிச் சோதிப்பது, குறை தெரிந்தால் எப்படித் திருத்துவது என்பதையே இங்கே எழுதுகிறேன். அறிவியல் மையம், அருங்காட்சியகம், பள்ளிக் கண்காட்சி ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதினாலும், மருத்துவமனையில் டோக்கன் தரும் தொடுதிரைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மக்கள் தாங்களே இயக்கிப் பார்க்கும் மாதிரிகளை வைப்பது புதிய பழக்கம் அன்று. மியூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகம் 1925-இல் தன் பெரிய கட்டடத்தைத் திறந்தபோதே அத்தகைய மாதிரிகள் அங்கே இருந்தன. நம் நாட்டில் கொல்கத்தாவின் பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959-இல் தொடங்கியது; சென்னைக் கோட்டூர்புரத்தின் அறிவியல் மையத்தை நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்போம். ஆனால் காட்சியைச் செய்வதோடு நிறுத்தாமல், அதை மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துத் திருத்துவதைத் தன் அன்றாட வேலையாகவே ஆக்கிக்கொண்ட இடங்களில் முக்கியமானது, இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம். அங்கே பட்டறை, பார்வையாளர் நடமாடும் கூடத்திலேயே, அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. அரைகுறையாகச் செய்த காட்சியைத் தளத்தில் வைப்பார்கள், மக்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்ப்பார்கள், பிறகு பட்டறைக்கு எடுத்துச் சென்று மாற்றுவார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

முதலில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்

சோதனையைத் தொடங்கும் முன், “இந்தக் காட்சியிலிருந்து விலகும்போது பார்வையாளர் எதைச் செய்திருக்க வேண்டும், எதைக் கண்டிருக்க வேண்டும்?” என்ற கேள்விக்கு விடையாக ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். “மின்காந்தத் தூண்டலைப் புரிந்துகொள்வார்” என்று எழுதினால் அதை யாராலும் நின்று பார்த்துச் சரிபார்க்க முடியாது. “கைப்பிடியைத் தானாகவே சுற்றுவார், வேகமாகச் சுற்றினால் விளக்கு பிரகாசமாக எரிவதைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே காண்பார், வேகத்தை மாற்றி இன்னொரு முறை முயல்வார்” என்று எழுதினால் ஒவ்வொரு பகுதியையும் கண்ணால் சரிபார்க்கலாம். இந்த வாக்கியத்தில் மூன்று படிகள் இருப்பதைக் கவனியுங்கள்: எப்படித் தொடங்குவது என்று தெரிவது, நிகழ்வது கண்ணில் படுவது, இரண்டுக்கும் உள்ள தொடர்பை உணர்ந்து மீண்டும் முயல்வது. பெரும்பாலான காட்சிகள் முதல் இரண்டு படிகளிலேயே தடுமாறுகின்றன. நாமோ மூன்றாவது படிக்கான விளக்க உரையைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம்.

தள்ளி நின்று பாருங்கள்

பார்வையாளரைப் பார்த்து அறிவது நூறு ஆண்டுப் பழமை உள்ள முறை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன், ஒரு மனிதரைக் காட்சிப்பெட்டிகளின் முன்னே நிறுத்தி, உள்ளே இருப்பதைக் காண அவர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் எட்டியும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படம் எடுத்து 1916-இல் வெளியிட்டார். அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்ப்பவருக்கு வரும் களைப்புக்கு அவருடைய அக்கறையின்மை காரணமல்ல, பெட்டி வைக்கப்பட்ட விதமே காரணம் என்பது அந்தப் படங்களில் ஐயமின்றித் தெரிந்தது. அதன்பின் 1920-களிலும் 30-களிலும் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ராபின்சனும் அவருடன் பணியாற்றிய ஆர்தர் மெல்டனும், பார்வையாளர் எங்கே நிற்கிறார், எத்தனை விநாடி நிற்கிறார், வாசலில் நுழைந்ததும் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று கடிகாரத்தோடு குறித்துவைத்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. காட்சியிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, பணியாளர் என்று தோன்றாதபடி, முடிந்தால் அட்டையையும் சீருடையையும் கழற்றிவைத்துவிட்டு அமருங்கள். தரையில் ஒரு கற்பனைக் கோட்டை வைத்துக்கொண்டு, ஒருவரைக் குறித்து முடித்தபின் அந்தக் கோட்டைத் தாண்டும் அடுத்த மூன்றாவது ஆளைக் கவனிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுறுசுறுப்பாகத் தோன்றும் குழந்தைகளை மட்டுமே மனம் தேர்ந்தெடுக்கும். தயங்கி நின்று, தொடாமலே கடந்துபோகும் பாட்டியும் கல்லூரி மாணவியும் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்களைப் பற்றிய குறிப்புதான் பெரும்பாலும் மிகுந்த பயன் தரும்.

ஏ4 தாளில் ஒருவருக்கு ஒரு வரி போதும். நின்றாரா, கடந்து போனாரா, நின்றால் எத்தனை விநாடி, முதலில் எதைப் பார்த்தார், கை முதலில் எங்கே போனது, அதன்பின் எந்த வரிசையில் எதைத் தொட்டார், என்ன பேசினார், விளைவு நிகழ்ந்த கணத்தில் அவர் கண் எங்கே இருந்தது, யார் வந்ததால் அல்லது எதனால் விலகினார். இவற்றில் மற்றவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது “கை முதலில் எங்கே போனது” என்பதையே. ஏனெனில் படிப்பதற்கு முன்பே கை முடிவெடுத்துவிடுகிறது. பொத்தான்போல் தோன்றும் திருகாணியைப் பத்துப் பேர் அழுத்தினால், பத்துப் பேரும் தவறு செய்யவில்லை. அந்தத் திருகாணி பத்துப் பேரிடமும் தன்னைப் பொத்தான் என்று சொல்லியிருக்கிறது.

நின்ற நேரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. நான்கு நிமிடம் நின்றவர் ஈர்ப்பினால் நின்றாரா, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றாரா என்பதைக் கடிகாரம் சொல்லாது; அவர் பேசியதையும் தொட்டதையும் பக்கத்தில் எழுதியிருந்தால்தான் தெரியும். நாளையும் பொழுதையும் மாற்றிப் பார்ப்பதும் அவசியம். வார நாள் காலையில் வரும் பள்ளிக் கூட்டம், ஆசிரியரின் விசில் சத்தத்துக்குள் ஒவ்வொரு காட்சியையும் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடும்; ஞாயிறு மாலைக் குடும்பம் அதே காட்சியின் முன்னே உட்கார்ந்து பேசும். இரண்டும் உண்மையான பயன்பாடுகளே என்பதால் இரண்டையும் தனித்தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கவனிப்பு நடைபெறுகிறது என்ற அறிவிப்பை வாசலில் எல்லாரும் படிக்கும்படி வைத்துவிடுங்கள், பெயரை எழுதாதீர்கள், பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகளைப் படமோ காணொளியோ எடுக்காதீர்கள். தாளில் “சிறுமி, 7–9 வயது, அப்பாவுடன்” என்பதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

கேட்கும் விதம்

நம் ஊரில் நேருக்கு நேர் நின்று “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு சார்” என்ற விடைதான் வரும். விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லாத அதே பண்பு அது. அதனால் கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு, செய்யச் சொல்லியும் சொல்லித் தரச் சொல்லியும் கேட்க வேண்டும். “உங்களுக்கு அடுத்து வருகிறவருக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?” என்ற ஒரு கேள்வி, பத்துக் கேள்விகள் கொண்ட படிவத்தைவிட அதிகமாகச் சொல்லிவிடும். குழந்தையாக இருந்தால், “தம்பிக்கு நீ காட்டு” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். தான் புரிந்துகொண்டதையும் தவறாகப் புரிந்துகொண்டதையும் அந்தக் குழந்தை தன் சொற்களிலேயே வெளிப்படுத்தும்.

ஆளை அழைத்து வந்து சோதிக்கும்போது, “நாங்கள் சோதிப்பது இந்தக் கருவியை, உங்களை அல்ல” என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, அவர் தடுமாறும்போது உங்கள் முகமும் அதையே சொல்ல வேண்டும். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுமாறு கேட்பது கணினித் துறையில் வழக்கமான முறை. ஆனால் தனியாக நிற்கும் ஒருவர் இயந்திரத்திடம் பேசக் கூச்சப்படுவார். அக்காவும் தம்பியும், கணவனும் மனைவியும், இரண்டு தோழிகள் என்று இரண்டிரண்டு பேராக நிறுத்தினால் பேச்சு தானாகவே வந்துவிடும். அவர்கள் திணறும் கணத்தில் உதவ உங்கள் நாக்கு துடிக்கும்; மனத்துக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். “இத அழுத்துங்க” என்று நீங்கள் சொல்லிவிட்டால், அந்தக் காட்சியில் எது போதாது என்பதை அறியும் வாய்ப்பை அந்த நொடியே இழந்துவிடுகிறீர்கள்.

எத்தனை பேரைச் சோதிப்பது என்ற ஐயம் எல்லாருக்கும் வரும். கணினிப் பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31% குறைகள் தெரியவரும், ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் ஏறத்தாழ 85% தெரியவரும். அது கணினி மென்பொருள்களை ஆராய்ந்து போட்ட கணக்கு. ஒரே வகையான பயனர்களுக்கு மட்டுமே பொருந்தும். அறிவியல் கூடத்துக்கு மழலையும் வருகிறது, மூட்டுவலிக்காரரும் வருகிறார். ஆகவே ஐந்து என்பதை ஐந்து பேர் என்று கொள்ளாமல், ஒவ்வொரு வகையிலும் ஐந்து குழுக்கள் என்று கொள்வதே என் வழக்கம். ஒரே மூச்சில் இருபது குழுக்களைச் சோதித்து அறிக்கை எழுதுவதைவிட, ஐந்தைச் சோதித்து, திருத்தி, மறுபடி ஐந்தைச் சோதிப்பது எப்போதும் அதிகப் பலன் தரும்.

குறைகள் எந்த வடிவத்தில் வரும்

எக்ஸ்ப்ளோரட்டோரியத்தின் ஆய்வாளர்கள் சூ ஆலன், ஜோஷுவா கட்வில் இருவரும், பல கைப்பிடிகளும் பொத்தான்களும் கொண்ட காட்சிகளில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் ஐந்து குழிகளை 2004-இல் எடுத்துரைத்தார்கள். எல்லாத் தேர்வுகளும் ஒரே அளவில் கண்ணைக் கவர்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பார்வையாளர் திகைப்பார். ஒரே நேரத்தில் பலர் இயக்கினால் ஒருவர் செய்வதை மற்றவர் கலைத்துவிடுவார். ஒரே ஒருவர் இயக்கினாலும், அவர் கை வைப்பதே நிகழ்வைக் குலைத்துவிடக்கூடும். இயக்க வாய்ப்புகள் பெருகப் பெருக, காண வேண்டிய அந்த ஒரு நிகழ்வைக் கண்டுபிடிப்பது கடினமாகும். துணைக்கு வைத்த அம்சம் முதன்மையானதை மறைத்துவிடும். உங்கள் தாளில் உள்ள குறிப்புகளை இந்த ஐந்தோடும் பொருத்திப் பாருங்கள். நான் பார்த்த காட்சிகளில் பெரும்பாலானவை இவற்றுள் ஏதேனும் ஒன்றில் விழுந்திருந்தன. காட்சி அமைப்பவருக்கு இதில் கசப்பான செய்தி ஒன்றும் உண்டு: திருத்தம் என்பது பெரும்பாலும் எதையாவது நீக்குவதாகத்தான் இருக்கும்.

இவற்றோடு நம் சூழலுக்கே உரிய ஒன்றையும் சேர்க்கிறேன். “தொடாதீர்கள்” என்ற பலகையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கண்ணாடிப் பெட்டியில் உள்ள கல்வெட்டு நகலுக்கும் அடுத்த அறையில் உள்ள ஊசலுக்கும் ஒரே கூடத்தில் ஒரே மாதிரிப் பீடம் இருந்தால், பெரியவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். இயக்க வேண்டியவற்றின் பிடிகளுக்கெல்லாம் கூடம் முழுவதும் ஒரே நிறம், ஒரே வடிவம் கொடுத்து, அந்த நிறத்தை வேறெதற்கும் பயன்படுத்தாமல் விட்டால், இரண்டாவது காட்சியிலேயே பார்வையாளர் அந்த மொழியைக் கற்றுக்கொள்வார். நிறம் தெரியாத கண்களுக்கு வடிவம் துணை நிற்கும்.

அடுத்த பெருங்குறை மௌனம். பொத்தானை அழுத்தியபின் மோட்டார் வேகம் பிடிக்க மூன்று விநாடி ஆகிறது என்றால், அந்த மூன்று விநாடியில் குழந்தை பொத்தானை எட்டு முறை அழுத்தியிருக்கும். ஒருமுறை அழுத்தினால் ஓடி, மறுமுறை அழுத்தினால் நின்றுவிடும் மின்சுற்றாக இருந்தால் மோட்டார் கடைசிவரை கிளம்பாது. விளைவு பத்தில் ஒரு விநாடிக்குள் வந்தால் அது உடனே நிகழ்ந்ததாகத் தோன்றும். ஒரு விநாடிக்குள் வந்தால் எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து விநாடியைத் தாண்டினால் மனம் வேறு பக்கம் போய்விடும் என்பது கணினி இடைமுகம் அமைப்பவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் அளவு. மோட்டாரை விரைவுபடுத்த முடியாவிட்டாலும், பொத்தானுக்குள் ஒரு சிறு விளக்கை வைத்து அழுத்திய கணமே எரியச் செய்ய முடியும். நம் எல்லாருக்கும் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு வாக்குப்பதிவு இயந்திரம்: நீலப் பொத்தானை அழுத்தியதும் அருகே சிவப்பு விளக்கு எரிகிறது, சீட்டு சாளரத்தின் பின்னே 7 விநாடி தெரிகிறது, நீண்ட ஒலி எழுகிறது. கண்ணுக்கு ஒன்றும் காதுக்கு ஒன்றும் சொல்லி, விரலால் தடவிப் படிக்கப் பிரெய்ல் எண்ணையும் பொத்தான் அருகே வைத்திருக்கும் அந்த அமைப்பை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

வேலை முடிந்துவிட்டது என்று மனம் எப்போது நினைக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு அட்டையைத் திருப்பித் தந்த பணம் வழங்கும் இயந்திரங்களில் மக்கள் அட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். வந்த நோக்கம் பணம் கைக்கு வந்ததுமே நிறைவேறிவிட்டது. “அட்டையை எடுக்க மறவாதீர்” என்ற அறிவிப்பு பெரிதாக உதவவில்லை. அட்டையை எடுத்த பின்பே பணம் வரும்படி வரிசையை மாற்றியதே உதவியது. கூடத்திலும் இப்படித்தான். பந்தைத் திரும்பத் தொடக்க இடத்தில் வைக்குமாறு பலகை எழுதுவது வீண். கடைசியாகப் பந்து விழும் குழியே அடுத்தவர் தொடங்கும் இடமாக இருக்கும்படி சரிவை அமைப்பதே தீர்வு.

திருத்தும் வரிசை

குறை தெரிந்ததும் எல்லாருடைய கையும் விளக்கப் பலகையை நோக்கித்தான் போகும். இன்னும் நான்கு வரி சேர்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இடத்தையும் வெளிச்சத்தையும் பாருங்கள்: ஜன்னல் ஒளி திரையில் பட்டுக் கூசுகிறதா, வரிசையில் நிற்பவர் இயக்குபவரை மறைக்கிறாரா என்று. அடுத்து உயரம். நீங்களே மண்டியிட்டு ஐந்து வயதுக் குழந்தையின் கண்மட்டத்திலிருந்து பாருங்கள். ஒரு நாற்காலியில் அமர்ந்து, எழுந்திருக்காமல் எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவரின் முழங்கால் உள்ளே போக மேசைக்கு அடியில் ஏறத்தாழ 70 செ.மீ. உயரம் வேண்டும், மேசை அடிப்பகுதியை அழகுக்காகப் பலகையடித்து மூடிவிட்டால் அவர் பக்கவாட்டில் திரும்பி ஒரு கையால் எட்ட வேண்டியிருக்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துக்குப் பின் இதை விருப்பச் சலுகையாகக் கருத இடமில்லை. அதன்பின் பிடியின் வடிவம், பிறகு விளைவு தெரியும் இடம், பிறகு தானே தொடக்க நிலைக்குத் திரும்பும் அமைப்பு. இவ்வளவும் சரியான பிறகும் எஞ்சும் குழப்பத்துக்கே சொற்கள்.

திருத்தத்தை நேரடியாக எஃகிலும் அக்ரிலிக்கிலும் செய்துவிடாதீர்கள். அட்டை, ஒட்டுநாடா, ஸ்கெட்ச் பேனா ஆகியவற்றால் செய்த மாதிரியே சோதனைக்குப் போதும். கைப்பிடியைச் சுற்றி விளக்கெரிக்கும் அந்தக் காட்சியில் நாங்கள் செய்ததும் அதுதான். இரண்டு மீட்டர் கம்பி வாங்கி, உச்சியில் இருந்த விளக்கைக் கழற்றி, கைப்பிடிக்கு நேர் பின்னே, சுற்றுபவரின் கண் இயல்பாக விழும் இடத்தில் அட்டைப் பெட்டி ஒன்றுக்குள் வைத்தோம். பெட்டியின் உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டினோம். பகல் வெளிச்சத்திலும் மங்கலான ஒளி தெரிந்தது. அடுத்த ஞாயிறு, சுற்றிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் வேகத்தைத் தானே குறைத்தான், விளக்கு மங்குவதைப் பார்த்தான், மறுபடி கூட்டினான். யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதே நாளில் புதிய குறை ஒன்றும் தெரிந்தது: இப்போது குழந்தைக்குத் தெரிந்த விளக்கு பின்னால் நிற்கும் பெற்றோருக்குத் தெரியவில்லை. பெட்டியின் மேல்பக்கத்தில் ஒரு துளை வெட்டினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய தாளையே மீண்டும் பயன்படுத்தினால்தான் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று சொல்ல முடியும்.

பலகையிலும் திரையிலும் தமிழ்

நம் கூடங்களில் தமிழ்ப் பலகைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பலகை முடிவான பிறகு, அதற்கென விட்ட இடத்துக்குள் அடைக்கப்படுகின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகள் அகலமானவை, கொம்பும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்பவை. ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய அதே பெட்டியில் அதே செய்தியை வைத்தால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கும், வரிகள் ஒன்றையொன்று தொடும், படிப்பவர் விலகிவிடுவார். தமிழ் வடிவத்தை முதலில் அமைத்துவிட்டு ஆங்கிலத்தை அதன் அருகே வைத்தால் இந்தச் சிக்கல் எழவே எழாது. உள்ளடக்கத்திலும் அவ்வாறே. “கைப்பிடியானது வலஞ்சுழியாகச் சுழற்றப்படும்போது மின்னோட்டம் தூண்டப்படுவதை அவதானிக்கலாம்” என்பதைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளை போய்விடும். “கைப்பிடியைச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் விளக்கு என்ன ஆகிறது?” என்பது அதே வேலையைச் செய்கிறது. செய்யச் சொல்லும் வரியைக் கை வைக்கும் இடத்துக்கு அருகிலும், விளக்கத்தை விளைவு தெரியும் இடத்துக்கு அருகிலும் வையுங்கள். இரண்டையும் ஒரே பலகையில் தூரத்தில் வைத்தால் ஒன்றைப் படிக்கும்போது மற்றொன்று நடந்து முடிந்துவிடும். எழுதிய வரியை எழுதப் படிக்கத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அது மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

தொடுதிரையில் மொழித் தேர்வு முதல் திரையிலேயே இருக்க வேண்டும். “தமிழ்” என்ற சொல் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். யாரும் தொடாமல் இருந்தால் திரை தானாகத் தொடக்கத்துக்குத் திரும்பும் நேரத்தை, வேகமாகப் படிக்கும் வடிவமைப்பாளரை வைத்து முடிவு செய்யாமல், விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவரை வைத்து முடிவு செய்யுங்கள். திரும்பும் முன் “இன்னும் படிக்கிறீர்களா?” என்று ஒருமுறை கேட்கச் செய்தால் பாதியில் பறிபோகும் ஏமாற்றம் இராது.

தொடுதிரைகளையும் டோக்கன் கருவிகளையும் ஒப்பிட எண் ஒன்று வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால், ஒரு கருவி பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கூற்று அளவுகோலைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை விடை வாங்கி, ஒற்றைப்படைக் கூற்றுகளில் விடையிலிருந்து 1-ஐக் கழித்து, இரட்டைப்படைக் கூற்றுகளில் 5-இலிருந்து விடையைக் கழித்து, பத்தையும் கூட்டி 2.5-ஆல் பெருக்க வேண்டும். ஒருவர் ஒற்றைப்படைக்கெல்லாம் 4, இரட்டைப்படைக்கெல்லாம் 2 என்று சொன்னால் ஒவ்வொன்றுக்கும் 3 வீதம் 30 கிடைக்கும், மதிப்பெண் 75. இது சதவீதம் அன்று. 68-ஐச் சராசரியாகக் கொள்வது வழக்கம். இரட்டைப்படைக் கூற்றுகள் எதிர்மறையானவை என்பதால், தமிழில் படிக்கும்போது “இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேனா, மறுக்கிறேனா” என்று பலர் குழம்புவார்கள். ஆகவே தாளைக் கொடுத்து அனுப்பாமல் அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டுங்கள். எது பழுது என்பதை இந்த எண் சொல்லாது, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடவே அது பயன்படும்.

கடைசியாக, பழுதுப் பதிவேடு. கைப்பிடி அடிக்கடி உடைந்தால் “முரட்டுத்தனமாகக் கையாளுகிறார்கள்” என்று எழுதிவிட்டுக் கனமான கைப்பிடியை வாங்குவதற்கு முன், எந்தத் திசையில் உடைந்தது என்று பாருங்கள். திரும்பக்கூடாத பக்கம் திருப்பியதால் உடைந்திருந்தால், அந்தப் பக்கமும் திருப்பலாம் என்று அது தோற்றமளிக்கிறது என்பதே பொருள். காட்சிகளின் அருகே நின்று விளக்கும் இளைஞர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தங்களிடம் ஒரு நாளில் பலமுறை கேட்கப்படும் கேள்வியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எந்த ஆய்வாளரும் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் குறையைப் பார்த்துவிடுகிறார்கள், ஆனால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

திருத்தம் நிலைபெற்றுவிட்டதா என்பதை, அட்டை மாதிரியை நிலையான பொருளால் செய்து வைத்த மூன்று மாதம் கழித்து, கோடை விடுமுறைக் கூட்டத்திலும் பள்ளி நாள் கூட்டத்திலும் அதே தாளை வைத்து மறுபடி பார்த்து முடிவு செய்ய வேண்டும். தாளின் தலைப்பில் தேதி, காட்சியின் பெயர், அன்று என்ன மாற்றியிருந்தீர்கள் என்ற மூன்றையும் எழுதி, பழைய தாள்களோடு ஒரே கோப்பில் கட்டி, அந்தக் காட்சியின் பராமரிப்புப் பதிவேட்டுடன் சேர்த்து வையுங்கள். அடுத்து பொறுப்பேற்பவர் விளக்கை மறுபடியும் பலகையின் உச்சிக்கு மாற்ற நினைத்தால், முதலில் அவர் கையில் எடுக்கும் கோப்பு அதுவாக இருக்கும்.